சூட்டோடு பிழிய வேண்டும்: அம்மிச்சியின் சந்தகை அச்சைச் சரிசெய்த அனுபவம்

பரணிலிருந்து இறக்கிச் சாக்கைப் பிரித்தபோது அச்சின் திருகு அசையவே இல்லை. கைப்பிடியின் இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து நானும் மகனும் முறுக்கிப் பார்த்தோம். முக்காலி மொத்தமும் தரையில் சுற்றியது. திருகு நின்ற இடத்திலேயே நின்றது. அம்மா இறந்து 4 வருடம். அந்த 4 வருடமும் இது சாக்குக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

ஈரோட்டில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு அப்போது 3 வாரம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைச்சலோ பலகாரமோ காணிக்கையாகக் கொண்டுவருவோம். ஆராதனை முடிந்ததும் அவற்றை விற்றும் ஏலம் விட்டும் வரும் பணம் ஊழியத்துக்குப் போகும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் என் மனைவி, "நாங்க சந்தகை கொண்டாந்தர்றோமுங்க" என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டாள். கடையில் காய்ந்த சேவை பாக்கெட்டில் கிடைக்கிறது, வெந்நீரில் போட்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏனுங்க, பாக்கெட்டை வாங்கிக் காணிக்கை வெக்கறதா?" என்றாள். அதற்குமேல் நான் பேசவில்லை. பரணுக்கு ஏணி போட்டேன்.

கொங்குநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சந்தகை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். இடியாப்பத்துக்கு அரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, முதலில் பிழிந்து, அப்புறம் அவிப்பார்கள். சந்தகை அதற்குத் தலைகீழ். புழுங்கல் அரிசியை ஊறவைத்து, உப்புப் போட்டு நைசாக ஆட்டி, இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்து, வெந்ததை ஆவி பறக்கப் பறக்க அச்சில் போட்டுப் பிழிவது. உளுந்து கிடையாது. புளிக்கவைப்பதும் கிடையாது. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடலாம். எலுமிச்சை பிழிந்து தாளிக்கலாம். ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் காலைக்கு இதுதான். அம்மிச்சி இட்லியை எடுத்து வைக்க, அப்பிச்சி (அம்மாவின் அப்பா) நின்றுகொண்டு கைப்பிடியைச் சுற்றுவார். ஒற்றை ஆளாக இதைச் செய்ய முடியாது. சுற்றுகிறவர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கீழே வட்டலை நகர்த்தி நகர்த்தி இழையை வாங்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் வேலை திருகை விடுவிப்பது. மண்ணெண்ணெயில் பழைய துணியை நனைத்து, திருகு நட்டுக்குள் நுழையும் இடத்தில் சுற்றிக் கட்டி 2 இரவு விட்டேன். காலையில் துணியைப் புதிதாக நனைத்து, நட்டைச் சுற்றிலும் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். இரும்பை நேராக அடிக்கக் கூடாது, வார்ப்பிரும்பு கீறி உடைந்துவிடும். தட்டத் தட்ட மண்ணெண்ணெய் இடுக்குகளுக்குள் இறங்கும். மூன்றாம் நாள் கைப்பிடி கால் சுற்று நகர்ந்தது. திரும்பப் பின்னால் கால் சுற்று, முன்னால் அரைச் சுற்று, இப்படி ஒரு மணி நேரம் போராடித் திருகை முழுசாகக் கழற்றி எடுத்தேன்.

துருவைத் தேய்க்கும் வேலை நீளமானது. கம்பி பிரஷ், அப்புறம் எமரி தாள், அப்புறம் எண்ணெய்த் துணி. கை தானாக ஓடும், மனசு எங்கெங்கோ போகும். கர்த்தருடைய ஜெபத்தில் ஆங்கிலத்தில் அப்பம் என்று இருக்கும் இடத்தில் நம் தமிழ் ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று இருக்கிறதே, அது எவ்வளவு நல்ல காரியம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். ஆகாரம் என்றதால் அதற்குள் களியும் உண்டு, கம்பஞ்சோறும் உண்டு, அரிசியும் பருப்பும் சேர்த்து வடிக்கும் சாதமும் உண்டு, சந்தகையும் உண்டு. நம் உணவை விட்டுவிட்டு வேறொரு நாட்டு மேஜையில் போய் உட்கார வேண்டியதில்லை. இதே ஈரோட்டில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் பாப்லி துரை நம் ராகத்திலும் நம் கதாகாலட்சேபத்திலும் சுவிசேஷத்தைச் சொல்ல அவ்வளவு பாடுபட்டார். ராகத்துக்குப் பொருந்துவது சோற்றுக்கும் பொருந்தும்தானே.

அதே ஜெபத்தில் அடுத்த வரி எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று போகிறது. அந்த வரியில் மனசு கொஞ்சம் நின்றது. தேய்ப்பதை வேகப்படுத்தினேன்.

துரு போனபின் பார்த்தால் தண்டு நன்றாகவே இருந்தது. கெட்டது நட்டு. உள்ளே மரை தேய்ந்து கத்தி விளிம்புபோல் ஆகியிருந்தது. சும்மா சுற்றினால் சுற்றும், பாரம் ஏறினால் வழுக்கிவிடும். தண்டு 25 மில்லிமீட்டர், சதுர மரை, ஒரு சுற்றுக்கு 5 மில்லி இறங்கும். இதை எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அவர்கள் இரும்பிலேயே புது நட்டுக் கடைந்து கொடுத்தார்கள். பார்க்க அழகாக, இறுக்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஈர மாவு உருண்டையை வைத்துப் பாரம் ஏற்றிப் பார்த்தேன். பத்தாவது சுற்றில் கீச்சென்று சத்தம். தண்டும் நட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி 1 இரவு.

இரண்டாவதாகப் போன பட்டறையில் இருந்தவர் வயசானவர். நட்டைக் கையில் வாங்கியதும் சொன்னார்: "இரும்புக்கு இரும்பு போட்டா பாரத்துல பத்திக்குமுங்க. நட்டுக் கன்மெட்டல்லதான் இருக்கோணும். தேய வேண்டியது நட்டுங்க, தண்டு இல்லீங்க. நட்டுத் தேஞ்சா மாத்திக்கலாம், தண்டு போச்சுன்னா அச்சே போச்சு." கன்மெட்டல் என்பது செம்போடு வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம், இரும்பைவிட மெது. அவர் கடைந்து கொடுத்த நட்டில் தண்டு வெண்ணெய்க்குள் இறங்குவதுபோல் இறங்கியது.

வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. இரும்பை இரும்பு கருக்கிடும் என்று நீதிமொழிகளில் படித்திருக்கிறோம். அது கூர் தீட்டும்போது சரி. பாரம் சுமக்கும்போது இரண்டு பேரில் ஒருவர் மெதுவாக இருந்தே ஆக வேண்டும். நானும் என் அண்ணனும் இரண்டு பேருமே இரும்பு.

அந்தக் கதையைச் சொல்லாமல் மீதி வேலையைச் சொல்ல முடியாது. கோபிக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல். அம்மா கடைசி வரைக்கும் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். அடக்கம் முடிந்த பத்தாம் நாள் பாகப் பேச்சு வந்தது. அம்மாவின் மருந்துச் செலவு இவ்வளவு ஆயிற்று என்று அண்ணன் சொன்னார். அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் நான், "அதுக்குக் கணக்கு நோட்டு இருந்தா கொண்டாங்கண்ணா" என்றேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஒவ்வொரு மாத்திரைக்கும் தேதி போட்டு எழுதியிருந்தது. அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை. கல்யாணத்தில் பார்த்தால் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தோம்.

அன்றைக்கு வண்டியில் ஏற்றிய சாமான்களோடு அச்சு என் வீட்டுக்கு வந்தது. அதன் பித்தளைச் சில்லு, அதாவது இழை இறங்கும் ஓட்டைத் தகடு, மட்டும் அண்ணி வீட்டுப் பாத்திரப் பெட்டியில் தங்கிவிட்டது. இது எனக்கு அப்போதே தெரியும். அச்சை இறக்கும்போதும் தெரியும். தெரிந்தும், முதலில் திருகைப் பார்ப்போம் என்று மற்ற வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

சில்லுக்கு மாற்றாக எவர்சில்வர் தகட்டை வட்டமாக வெட்டி, 1 மில்லி ஓட்டையாகப் போட்டு வாங்கினேன். பித்தளைக் குழலில் களிம்பு ஏறியிருந்ததைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் துலக்கினேன். மண்ணெண்ணெய் வாடை போகத் திருகையும் முக்காலியையும் சீயக்காய்த்தூள் போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றி, 2 நாள் வெயிலில் வைத்தேன். திருகுக்குக் கிரீஸ் போடக் கூடாது. உணவுக்கு நேர் மேலே சுற்றுவது அது. சொட்டினால் வட்டலில்தான் விழும். தேங்காய் எண்ணெய் போதும்.

பண்டிகைக்கு முந்தின வாரம் சனிக்கிழமை சோதனை. 1 கிலோ இட்லி அரிசி, 5 மணி நேரம் ஊறல். கோயம்புத்தூர்க் கிரைண்டரில் முக்கால் மணி நேரம் ஓடியது. தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. 15 நிமிஷத்தில் வெந்துவிடும். எங்கள் தட்டுக்கு 40 இட்லிக்குப் பக்கமாக வந்தது. முதல் 2 ஈடு அச்சின் அழுக்கை எடுக்கவென்றே பிழிந்து கொட்டினோம்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். மனைவி இட்லியை எடுத்து வைத்த நேரத்தில் வாசலில் ஒருவர் வந்தார். பேசி முடித்து வர 20 நிமிஷம் ஆயிற்று. தட்டில் இருந்த இட்லியைத் தொட்டால் வெதுவெதுப்பு இருந்தது, அது போதும் என்று அச்சில் போட்டுச் சுற்றினேன். கைப்பிடி நகரவில்லை. உடம்பு முழுக்கப் போட்டு அழுத்தினேன். கீழே நான்கு இழை வந்து அறுந்து விழுந்தது, முக்காலியின் ஒரு கால் தரையை விட்டு எழுந்துவிட்டது.

"சூடா இருந்தப்ப வெச்சிருந்தா ஒரு கையில சுத்தலாமுங்க. ஆறுனா கல்லு" என்றாள் மனைவி.

இதன் காரணம் எளிது. வேகும்போது அரிசியின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கி இளகுகிறது. அந்த இளக்கத்தில் அது எந்த ஓட்டையிலும் நுழையும், எந்த வடிவமும் எடுக்கும். ஆற ஆற, மாவுச்சத்துக்குள் பிரிந்து நின்ற நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று மறுபடி சேர்ந்து இறுகிக்கொள்கின்றன. அரிசி அதேதான், தண்ணீர் அதேதான், உப்பும் அதேதான். கெட்டுப்போகவும் இல்லை. ஆனால் இனி அது சந்தகை ஆகாது.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் ஒரு வசனத்தை 3 தடவை சங்கீதத்திலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கும்: இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில், உங்கள் இருதயங்களைக் கடினப்படுத்தாதிருங்கள். கடினப்படுவது என்றால் கெட்டவனாகிப்போவது என்றே நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எகிப்து ராஜா பார்வோன் மாதிரி ஆட்களுக்கு வரும் வியாதி என்று. அந்தச் சனிக்கிழமை, அச்சுக்குள் மாட்டிக்கொண்ட இட்லியைக் கரண்டிக் காம்பால் நோண்டி எடுக்கும்போது வேறு மாதிரி தோன்றியது. கடினப்படுவதற்குக் கெட்டவனாக வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். 20 நிமிஷம் வாசலில் பழமை பேசினால் போதும்.

போன லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒருநாள் திருவிருந்து வாங்கிவிட்டு வெளியே வந்தேன். மனசு அவ்வளவு இளகியிருந்தது. வேப்பமரத்தடியில் நின்று அண்ணன் நம்பரை எடுத்துவிட்டேன். பிறகு, வெயிலில் நின்று பேசுகிற பேச்சா இது, வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசலாம் என்று போனைச் சட்டைப்பையில் போட்டேன். சாயங்காலம் எடுத்தேன், சாப்பாட்டு நேரம் என்று வைத்தேன். இரவு எடுத்தபோது, நோட்டைக் கேட்டது அப்படி என்ன தப்பு, கணக்குக் கேட்பது வழக்கம்தானே என்று ஒரு நியாயம் வந்து நின்றது. காலையில் அந்த நியாயம் இன்னும் கெட்டியாகிவிட்டது. நான் விசுவாசத்தை விடவில்லை, ஜெபத்தை விடவில்லை. ஆறவிட்டேன்.

இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில் மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரம் இல்லை, புளியாத மாவைத்தான் சுமந்துகொண்டு போனார்கள் என்று யாத்திராகமத்தில் வருகிறது. சந்தகையும் புளிக்கக் காத்திராத உணவு. ஆட்டிய மாவை உடனே வேகவைப்பது, வெந்ததை உடனே பிழிவது. தேவன் சொல்வதில் பெரும்பகுதி இந்த மாதிரியானதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பக்குவம் வரட்டும் என்று மூடிவைக்க வேண்டிய காரியங்களும் உண்டு, அவற்றுக்கு வேறு உவமை இருக்கிறது. மன்னிப்புக் கேட்பது அந்த வகை இல்லை.

ஆறிப்போன இட்லியை மனைவி குப்பையில் போடவில்லை. தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடி, திரும்ப ஆவியில் ஏற்றினாள். 10 நிமிஷத்தில் இளகிவிட்டது. பிழிந்தால் வந்தது. ஆனால் இழை துண்டு துண்டாக விழுந்தது. முதலில் ஆறியதால் என்று நினைத்தோம். புதிதாக வெந்த ஈட்டைச் சுடச்சுடப் போட்டபோதும் துண்டாகவே விழுந்தது. சில்லைக் கழற்றிப் பார்த்தேன். புதுத் தகட்டின் ஓட்டை ஓரங்களில் பிசிறு நின்று இழையை அறுக்கிறது. எமரி தாளில் தேய்த்தும் போகவில்லை. அம்மிச்சியின் சில்லு 2 தலைமுறையாக அரிசி ஓடி ஓடி ஓட்டையெல்லாம் வழவழத்துப்போனது. அதற்கு ஈடு பட்டறையில் கிடைக்காது.

மணி 11 இருக்கும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் எனக்கு மனப்பாடம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அதில் உனக்கு அவன்மேல் குறை என்று இல்லை, அவனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்றுதான் இருக்கிறது. மாவுக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, அச்சுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து போன் போட்டேன். வெளியே போய்ப் பேசலாம் என்றுகூட எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, நான்தான்."

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அன்னைக்கு நோட்டுக் கேட்டது தப்புண்ணா. அத்தனை பேர் முன்னால கேட்டது தப்பு. தனியாக் கேட்டிருந்தாலும் தப்புத்தான்."

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் அண்ணி யாருங்க என்று கேட்பது கேட்டது. அப்புறம் அண்ணன், "என்ன சத்தம் அது, கொதிக்குது?" என்றார்.

"இட்லிப் போசிங்ணா. அம்மிச்சி அச்சை எடுத்துச் சரி பண்ணியிருக்கறேன். அறுப்பின் பண்டிகைக்குச் சந்தகை."

"சில்லு இங்கதான இருக்குது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அதை எடுத்துப் புளித்தண்ணியில ஊறப்போடச் சொல்றேன். நீ வராத, நானே கொண்டாறேன்" என்றார்.

பண்டிகைக்கு முந்தின நாள் பொழுதோடு பஸ்ஸில் வந்தார். மஞ்சப்பையில் சில்லு, இன்னொரு பையில் வயலில் விளைந்த அரிசி 5 கிலோ. கணக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. அதைப் பேச வேண்டியிருக்கும், பேசுவோம். அன்றைக்கு அவர் முதலில் செய்தது அச்சைச் சுற்றிவந்து பார்த்ததுதான். நட்டைத் தொட்டு, "கன்மெட்டலா?" என்று கேட்டார். சில்லைக் குழலில் போட்டு, அது உட்காரும் சத்தத்தைக் கேட்டுத் தலையசைத்தார்.

ஞாயிறு வெடியால 4 மணிக்கு அடுப்புப் பற்றவைத்தோம். 6 கிலோ அரிசி மாவு, இரண்டு போசியில் மாற்றி மாற்றி ஈடு. இட்லியைத் தட்டில் எடுத்து வைக்காமல் மூடிபோட்ட போசியிலேயே விட்டு, நான்கு நான்காக எடுத்தோம். அண்ணன் கைப்பிடியைப் பிடித்தார். நான் இட்லியை வைத்து வட்டலை நகர்த்தினேன். முதல் ஈடு போட்டதும் இழை அறுபடாமல், வெள்ளை நூல்கண்டு பிரிவதுபோல் இறங்கியது. மனைவி தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தவள் வந்து எட்டிப் பார்த்தாள். மகன் அரைத்தூக்கத்தில் ஒரு வட்டலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் ஈட்டில் விரல் சுட்டு நான் கையை உதறிக்கொண்டு நின்றேன். அண்ணன் கைப்பிடியை மேலே ஏற்றிவிட்டு, குழலைக் காட்டினார்.

"நிக்காதடா, ஆறிப்போயிரும். வெய்யி."

போசியின் மூடியைத் திறந்தேன்.